சம்பந்தி ஓடினார்

என் சம்பந்தி ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சும்மா ஓட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து வழி கேட்டு, கிடைக்காமல், மூச்சிரைத்து ஓரமாக நின்றுவிட்டது. சைக்கிளில் போன ஆசாமி, தன் வண்டிதான் பின்பக்கமாகப் போகிறதோ என்று இறங்கிச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். தெருநாய்கள் துரத்தலாமா வேண்டாமா என்று கூடிப் பேசி, இது நமக்கு எட்டாது என்று முடிவெடுத்து, மறுபடி படுத்துக்கொண்டன.

இதைச் சொன்னால் மற்றவர்கள் என் வயதுக்காகத் தலையையாவது ஆட்டுவார்கள். என் மனைவிக்கு அந்த இரக்கமும் கிடையாது. "ஆமாமா, அப்புறம் றெக்கை முளைச்சுப் பறந்தாரு, அதை விட்டுட்டீங்களே" என்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சம்பந்தி யார் என்று தெரிந்தால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். என் மருமகளின் அப்பா. தீயணைப்புத் துறையில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை, தியேட்டர், மாடிக் கட்டடம் என்று ஊரில் இருக்கிற அத்தனை இடத்திலும் 'ஓடாதீர்கள், நடந்து வெளியேறுங்கள்' என்று பலகை மாட்ட வைத்த புண்ணியவான். மணி அடித்து, புகை கிளம்பி, கட்டடமே காலி ஆனாலும் கடைசி ஆளாக, பூங்காவில் உலாத்துகிறவர் மாதிரி நடந்து வருவார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, "உட்காருங்க சம்பந்தி" என்றதற்கு, நேரே சமையலறைக்குப் போய் கேஸ் சிலிண்டரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்.

நான் அதற்கு நேர் எதிர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "உள்ளே போ, உள்ளே போ" என்று கத்தியே வளர்ந்த தொண்டை. என் குரலுக்குப் பஸ் கண்ணாடிகள் தானாகவே இறங்கும்.

எங்கள் இருவருக்கும் பொதுச்சொத்து ஒன்றே ஒன்றுதான். பேத்தி. முன்பல் இரண்டை வைத்துக்கொண்டு அகப்பட்டதையெல்லாம் கொறிப்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். சம்பந்தியம்மா காலமான பிறகு தனியாக இருக்கும் மனிதர், சாயங்காலம் ஆனால் வந்துவிடுவார். சுண்டெலியைத் தூக்கினால் இறக்க மாட்டார். அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவாள், சட்டைப் பொத்தானைக் கடிப்பாள். எந்தப் பலகையிலும் எழுதாத சிரிப்பு ஒன்று அவர் முகத்தில் வரும்.

திடீரென்று ஒரு நாள் தூக்குவதை நிறுத்திவிட்டார்.

வருவார். கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். சுண்டெலி இரண்டு கையையும் நீட்டி, "தா... தா..." என்று தாவுவாள். அவர் ஓரடி பின்னால் போவார். "சளி பிடிச்சிருக்கும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதருக்குச் சளி பிடிக்கும்? மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நிற்பாள். உள்ளே வரும்போது முகத்தைக் குழந்தையின் முதுகில் மறைத்துக்கொண்டு வருவாள்.

வீட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளி நான்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"என்ன சொன்னேன்?"

"சம்பந்தி குழந்தையைத் தூக்கறது ஃபயர் எஞ்சின் குழாயைத் தூக்கற மாதிரியே இருக்குன்னு சொல்லல?"

"அது பாராட்டுடி!"

"நல்லா பாராட்டினீங்க. பெரிய மனுஷன் மனசு விட்டுப்போச்சு. உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும். கடையில அந்த அளவுக்கு இருக்கான்னுதான் தெரியல."

போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சம்பந்தி" என்று வைத்துவிட்டார். ஒன்றுமில்லாதவர் மறுநாளும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். மருமகள் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் குத்தியது.

இந்த நேரம் பார்த்து எனக்கே ஒரு சோதனை வந்தது. அடிக்கடி பாத்ரூம் போகிறேன் என்று மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். கடைசியில் ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். பரவவில்லை, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வெளியே ஜனங்கள் இதைத்தான் கரண்டு வைக்கிறது என்பார்கள்.

டாக்டரம்மா பாவம், பொறுமையாகவே விளக்கினார். புற்றுநோய் என்ற சொல் விழுந்ததும் என் காது கதவைச் சாத்திக்கொண்டது. டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த மனைவி, வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்:

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நிறைய சொன்னாங்க."

"நிறையன்னா?"

"ரொம்ப விளக்கமா சொன்னாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். புதிதாகக் கரண்டு வைக்கப் போகிறவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் வாராவாரம் ஒரு நர்ஸ் உட்கார்ந்து பதில் சொல்கிறாராம். என்ன வேண்டுமானாலும் கேட்கலாமாம்.

"நானும் வர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கு? உடம்பு என்னுது" என்றேன். மெஷினுக்கு நான் பயப்படவில்லை, அந்த மெஷினே என்னைப் பார்த்தால் பயப்படும். அங்கே என் முகம் எப்படிப் போகும் என்பதை அவள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவள் தண்ணீர் பாட்டிலை மட்டும் கையில் திணித்தாள்.

கதிர்வீச்சுப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. வரிசையாகப் பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரத்தில் தண்ணீர் கேன், காகிதக் கோப்பைகள். எதிரே ஒரு பெரிய கதவு, அதன் தலையில் சிவப்பு விளக்கு. நாற்காலிகளில் என் வயதுக்காரர்கள் முழங்காலோடு முழங்காலை ஒட்டி, கூரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். தியானம் என்று நினைத்து நானும் பக்தியோடு உட்கார்ந்தேன். பிறகுதான் தெரிந்தது. ப்ராஸ்டேட்டுக்குக் கரண்டு வைக்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் குடலும் மற்றதும் விலகி, சுரப்பி தினமும் ஒரே இடத்தில் நிற்குமாம். ஆகவே குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அட, இது என் தொழில் அல்லவா! நான் ஒரு தடவை ஒரு ஊரில் டீ குடித்துவிட்டு, மூன்று மாவட்டம் தாண்டித்தான் இறங்கியிருக்கிறேன்.

அந்த வரிசையின் கடைசியில், இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு, நிமிர்ந்த முதுகோடு ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கோப்பையை மெல்ல நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

"வாங்க சம்பந்தி."

"நீங்க எங்க இங்க?"

"ஒரு நண்பரைப் பார்க்க வந்தேன்" என்றார்.

"அட, நானும் ஒரு ஃப்ரெண்டைப் பார்க்கத்தான்!"

"அப்படியா. எப்படி இருக்காரு?"

"பரவாயில்லைங்க. உங்க ஃப்ரெண்டு?"

"அவரும் பரவாயில்லை."

இரண்டு இல்லாத மனிதர்களின் உடல்நிலையை நாங்கள் இப்படி அக்கறையாக விசாரித்துக்கொண்டிருக்கையில், மெஷின் ஓட்டுகிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், தண்ணி குடிச்சாச்சா? நாங்க கொஞ்சம் லேட்டு. இப்பவே ஃபுல் பண்ணிடாதீங்க, கஷ்டப்படுவீங்க."

சம்பந்தி தலையசைத்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பாதி முடிஞ்சிருச்சு சம்பந்தி. யாருக்கும் சொல்லல. பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்கு இன்னும் ஆரம்பிக்கல. எனக்கும் அதேதான்" என்றேன்.

வேறு யாராவது என்றால் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் எட்டிக் கையை நீட்டினேன். அவர் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பக்கத்து அறையில் நர்ஸ் கூட்டத்தை ஆரம்பிப்பதாகச் சொன்னார்கள். "எப்படியும் லேட்டுதானே, வாங்க" என்று கண்டக்டர் குரலில் அவரைக் கிளப்பினேன். வந்தார். எல்லோரும் வட்டமாக உட்கார, இவர் மட்டும் சுவர் ஓரம். அப்போது அப்பாவோடு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் இடமில்லாமல் சம்பந்தியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். தீயைக் கண்டும் அவசரப்படாத மனிதர், நாற்காலியே பற்றிக்கொண்டது போல் எழுந்து ஜன்னல் மூலைக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

நான் பின்னாலேயே போனேன். "என்ன சம்பந்தி, அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"மெதுவா பேசுங்க."

"இதுதாங்க என்னோட மெது."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னைப் படுக்க வச்சுட்டு எல்லாரும் வெளியே போயிடறாங்க சம்பந்தி. அந்தக் கதவைப் பார்த்தீங்களா? என் சர்வீஸ்ல அவ்வளவு கனமான கதவு நான் பார்த்ததில்லை. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவங்க நிக்கிறாங்கன்னா, இந்தப் பக்கம் படுத்திருக்கறவன் மேல எவ்வளவு ஏறியிருக்கும்? எங்க வேலையில, கெமிக்கல் கிடங்குல பத்திக்கிச்சுன்னா, உள்ள போயிட்டு வந்த ஆளைத் தனியா நிறுத்திடுவோம். கழுவி முடிக்கிற வரைக்கும் கிட்ட யாரையும் விட மாட்டோம். இதைக் கழுவினா போகுமா போகாதான்னு எனக்குத் தெரியல. அதான் நானே என்னைத் தனியா நிறுத்திட்டேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அப்ப சுண்டெலியை..."

"தூரத்துலேர்ந்து பார்க்கலாம்னுதான் கேட் வரைக்கும் வர்றேன்."

"டாக்டர்கிட்ட கேட்கலாமே?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?" என்றார்.

என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று மனைவி சொன்னாளே, அந்த வாய் அந்த நிமிடம் தானாகப் பூட்டிக்கொண்டது. ஏனென்றால் நானும் அதே ஆள்தான். 'ஆமா' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் நானும் காதைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

ஆனால் எனக்கு ரொம்ப நேரம் மூடி வைத்துப் பழக்கமில்லை. எழுந்து நின்றேன்.

"சிஸ்டர்! எனக்கு ஒரு சந்தேகம். எனக்கே எனக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். மேல்மாடியில் தூங்கிய நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று கேள்வி. "கரண்டு வச்சுட்டு வீட்டுக்குப் போனா, பேத்தியைத் தூக்கலாமா? எனக்கு ஒண்ணு இருக்கு, எலி சைஸ்ல."

நர்ஸ் சிரித்தார். "டேபிளை விட்டு இறங்கின அடுத்த நிமிஷமே தூக்கலாம் ஐயா. வெளியிலேர்ந்து மெஷின்ல கொடுக்கிற சிகிச்சை இது. மெஷின் நின்னா அதோட சரி. உங்க உடம்புல எதுவும் தங்காது, யாருக்கும் பரவாது. உள்ளே விதை மாதிரி வைக்கிறது, மருந்தாக் குடிக்கிறதுன்னு வேற வகையும் இருக்கு. அதுக்குத் தனி விதி. அவங்களுக்கு நாங்களே முன்கூட்டிச் சொல்லிடுவோம். உங்களுக்கு அது கிடையாது."

என் முதுகுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு. "துணி... துணியைக் கேளுங்க."

"சிஸ்டர், துணியைத் தனியாத் துவைக்கணுமா?"

"வேண்டாம்."

"தட்டு, டம்ளர்..."

"சிஸ்டர், தட்டு டம்ளர்?"

"எல்லாம் ஒண்ணாவே வைக்கலாம்."

"கர்ப்பமா இருக்கறவங்க பக்கத்துல..."

"நீங்களே கேளுங்களேன் சம்பந்தி, நான் என்ன ஸ்பீக்கரா?" என்று திரும்பினேன்.

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரியின் குரலில்தான் ஆரம்பித்தார். பாதியில் அது உடைந்தது. "ஆபத்து இல்லைன்னா, நீங்க எல்லாரும் ஏம்மா வெளியே போறீங்க? ஏன் அவ்வளவு கனமான கதவு?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி சார். உங்களுக்கு அந்தக் கதிர் மருந்து. அளந்து, தேவையான இடத்துக்கு மட்டும் கொடுக்கிறோம். நாங்க காலைலேர்ந்து ஒவ்வொருத்தர் கூடவும் உள்ள நின்னா, நோயே இல்லாத எங்களுக்கு அது வருஷக்கணக்காச் சேர்ந்துக்கிட்டே போகும். அதுக்குத்தான் கதவு. மெஷின் நின்னதும் நாங்க உள்ள ஓடி வந்து உங்க கையைப் பிடிச்சுத்தானே இறக்கிவிடறோம்? லைட்டை அணைச்ச பிறகு அறையில வெளிச்சம் மிச்சம் இருக்குமா சார்?"

சம்பந்தி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கையைப் பிடிச்சுத்தான் இறக்கிவிடறாங்க" என்றார் தனக்குத்தானே. தினமும் நடந்ததுதான். எல்லா வாசலையும் ஜன்னலையும் கணக்கெடுக்கிற மனிதர், தன்னைத் தொட்ட கையைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு அந்தக் கர்ப்பிணிப் பெண்ணிடம் போய், "தப்பா நினைச்சுக்காதேம்மா" என்று சொல்லி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மற்றவர்களும் வாய் திறந்தார்கள். வலிக்குமா என்று ஒருவர் கேட்டார். படம் எடுக்கிற மாதிரிதான், ஒன்றும் தெரியாது என்றார் நர்ஸ். போகப்போக அசதி வரும், மூத்திரம் எரியலாம், அடக்கி வைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது என்றார். முடி கொட்டுமா என்று நான் கேட்டேன். தலைக்கு வைத்தால்தான் தலைமுடி, உங்களுக்கு அந்தக் கவலை எப்போதோ தீர்ந்துவிட்டதே என்றார் என் வழுக்கையைப் பார்த்து. அறை அதிர்ந்தது. மெஷின் வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்தவர்களுக்கோ வயிறு முட்டத் தண்ணீர். சிரிக்கவும் முடியாமல் சிரிப்பை அடக்கவும் முடியாமல் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல ஒரு புராணம் வேண்டும்.

சம்பந்தியைக் கூப்பிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. வெளியே வந்தவர் நேரே பாத்ரூமுக்குப் போனார். நிரம்பி வழிகிற அந்த நிலைமையிலும் நடந்துதான் போனார். இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் தெருமுனையில் இறங்கியதும் கேட்டார், "இந்நேரம் முழிச்சிருப்பாளா?"

"முழிச்சு வீட்டையே புரட்டிப் போட்டுட்டிருப்பா."

நடந்தார். கொஞ்சம் வேகமாக நடந்தார். கை இரண்டும் பின்னாலிருந்து முன்னால் வந்தன. அப்புறம்தான் நான் முதலில் சொன்னது நடந்தது. பஸ், சைக்கிள், நாய் எல்லாம்.

நான் நொண்டி நொண்டி வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சுண்டெலி. கண்ணாடி அவள் வாயில். மருமகள் வாயில் கை வைத்து நின்றிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

"நீ பயந்துடுவேன்னுதாம்மா."

"இத்தனை நாளா, என் மேல என்ன கோபமோன்னு செத்துட்டிருந்தேனே, அது பரவாயில்லையா?"

அவர் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் சாய்ந்தாள். நாளையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போவேன் என்று உத்தரவு போட்டாள்.

மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். "சம்பந்தி ஓடினாருடி!" என்றேன். "நான் அடுப்படியில இருந்தேன், என்கிட்ட கதை விடாதீங்க" என்றாள். சம்பந்தியையே கேட்டேன். "விரைவாக வெளியேறினேன்" என்றார்.

எனக்கும் சிகிச்சை தொடங்கியது. இந்தத் தடவை மனைவி வரட்டுமா என்று கேட்கவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். படுத்தேன், மெஷின் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, நான் பயந்ததைவிட அதிகமாகப் பயந்து, ஓய்ந்து நின்றது. ஒன்றும் வலிக்கவில்லை. நாள் போகப்போக அசதி மட்டும் உண்மையாகவே வந்தது. பகலில் படுத்தால் மனைவி ஃபேனைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

ஒரு நாள் காத்திருக்கும்போது, வழக்கம்போல் தண்ணீர் குடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சம்பந்தி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த தையல்காரர் ஒருவர் எங்களை விட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இரண்டு நாற்காலி இடைவெளி பழக்கமான இடைவெளி.

"சும்மா சிரிப்புக்குச் சொல்றீங்க ஐயா" என்றார். "கரண்டு வச்ச மனுஷன் நேரா வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினாரா? அதுவும் ஓடிப் போயா? என் பேரனை நான் நாலு நாளா மாடிக்கே அனுப்பிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி எழுந்தாள். போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தூக்கினாரு தம்பி. ஓடிவந்துதான் தூக்கினாரு. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்."

"அடுப்படியில இருந்தேன்னு சொன்னியே!" என்றேன்.

"மத்தியானத்துலேர்ந்து ஜன்னலைப் பிடிச்சுட்டுதான் நின்னேன், உங்களைக் காணலையேன்னு" என்றாள் என்னைப் பார்க்காமல். பிறகு தையல்காரரிடம் திரும்பினாள். "இவர் சொல்ற பஸ்ஸு, நாயி எல்லாம் பொய். ஆனா அவர் ஓடினது நிஜம். ஓடின ஓட்டத்துல ஒத்தைச் செருப்பு நடுரோட்டுலயே விழுந்துடுச்சு, அதுகூடத் தெரியல அவருக்கு. நான்தான் போய் எடுத்துட்டு வந்து வாசல்ல ஜோடியா வச்சேன்."